முயல் தடம்

பதினோரு குளிர்காலமாக
அடுப்புக்கு விறகு போடுவது நான்.
கல் மேல் தண்ணீர் ஊற்றுவதும் நான்.
சண்டை போடுவது அவர்கள் இருவர்.

தார்த்துவிலிருந்து நாற்பது நிமிடம்.
உறைந்து கிடக்கும் ஏரி. கரையில்
உர்மாஸின் மாமனார் கட்டிய நீராவிக் குடில்.
உள்ளே மூன்று படி. மேல் படியில் சூடு அதிகம்,
அங்கேதான் உட்காருவாள் வீவிகா.
எதிராளியைவிட ஒரு படி மேலே இருந்தாக வேண்டும் அவளுக்கு.

விஷயம் ஒன்றுதான்:
ஓட்டைக் கைப்பேசியில் போடலாமா,
காகிதத்தில்தான் போட வேண்டுமா.

உர்மாஸ் வங்கிக்கு மென்பொருள் எழுதுகிறவன்.
"கணிதம் யாருக்கும் விலைபோகாது" என்பான்,
"பெட்டியைத் திறக்கிற கை விலைபோகும்."
வீவிகா லிஃப்ட் மெக்கானிக்.
"திருப்புளி போட்டுத் திறக்க முடியாத எதையும்
நான் நம்ப மாட்டேன்" என்பாள்,
"நீ நம்பு. ஏழாவது மாடியில் மாட்டிக்கொண்டால்
கணிதத்தைக் கூப்பிடு."

பிறகு புள்ளிவிவரம், பிறகு வசவு,
பனிக்கட்டியில் வெட்டிய துளைக்குள் ஒரு முங்கு,
கறுப்பு ரொட்டி, ஊறிய வெள்ளரிக்காய்,
திரும்பவும் முதலிலிருந்து.
ஒரு வருடம் வரைபடங்களை அச்சடித்துக் கொண்டுவந்தான்.
ஆவியில் மை கரைந்து தொடையெல்லாம் நீலம்.
"காகிதத்தின் லட்சணத்தைப் பார்" என்றான்.
"அது மையின் லட்சணம்" என்றாள்.

போன இலையுதிர்காலத்தில்
வீவிகாவின் கணுக்கால் முறிந்தது.
ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு கையில் சூப்பு,
மறு கையில் கைப்பேசி.
ஓட்டுப் போட்டாயிற்று.
"சூப்பு ஆறவே இல்லை" என்றாள் என்னிடம்.
"அவனிடம் சொல்லிவிடாதே."

அதே மாதம் உர்மாஸ்,
தானே மூன்று முறை சரிபார்த்த நிரலில்
கூட்டல் இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு கழித்தல் குறி
நான்கு வருடமாக
சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டான்.
ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. எழுதியவனுக்கும்.
தேர்தலன்று பள்ளிக்கூட வாசலில் மழையில் நின்று,
எண்ணை எழுதி, மடித்து, பெட்டியில் போட்டானாம்.
"விழுந்த சத்தம் கேட்டது" என்றான்.
"அவளிடம் சொல்லிவிடாதே."

சொல்லவில்லை.
இந்த ஜனவரியில் அடுப்பை மூட்டிவிட்டுக்
காத்திருந்தேன். ஆவி எழுந்தது.
அதற்கு முன்பே சண்டை எழுந்துவிட்டது.

"திறந்து பார்க்க முடியாததை எப்படி நம்புவது?"
இது உர்மாஸ்.
"திறக்கிற கையை மட்டும் நம்பலாமோ?"
இது வீவிகா.
அதே சொற்கள், அதே விரல் நீட்டல்.
கட்சி மட்டும்
கூடு விட்டுக் கூடு பாய்ந்திருந்தது.
அவளுடைய லிஃப்டை அவன் எடுத்துக்கொண்டான்,
ஏழாவது மாடி ஒன்பதாவது ஆகியிருந்தது.
அவனுடைய கணிதத்தை அவள்
ஒரு கமாவும் விடாமல் ஒப்பித்தாள்.

தெரிந்துதான் செய்கிறார்களா?
முகங்களைப் பார்க்க முயன்றேன்.
ஆவி.
இரண்டு கரண்டி கூடவே ஊற்றினேன், கோபத்தில்.

வெளியே வந்தோம், உடம்பெல்லாம் புகைய.
துளைக்குப் போகும் வழியின் குறுக்கே
புதுப்பனியில் ஒரு முயல் தடம்.
பின்னங்கால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்.
முன்னங்கால்கள் ஒரே இடத்தில் ஊன்றி ஒற்றைக் குழி.

"மூன்று" என்றான் உர்மாஸ், குனிந்து.
"நாலு" என்றாள் வீவிகா, குனியாமல்.

எனக்குப் பாதம் விறைக்கிறது.
அவர்கள், இடுப்பில் துண்டோடு,
ஆறியும் ஆறாத கணுக்காலோடு,
மண்டியிட்டு விரலால் ஆழம் பார்க்கிறார்கள்.
முயல் எப்போதோ
எதிர்க்கரைப் புதருக்குள் போயிருக்கும்.

இருங்கள்,
இன்னும் இரண்டு கட்டை போட்டுவிட்டு வருகிறேன்.